பார்க்காத துப்பாக்கிக்கு ஓர் உறை

சவுரியம்மாளுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. டிவியில் சுடும் காட்சி வந்தால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அவருடைய பெயருக்குப் போன வருடம் ஜூலை மாதம் சென்னை சுங்கத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. செக் நாட்டிலிருந்து உங்கள் முகவரிக்கு ஒரு துப்பாக்கி வந்திருக்கிறது. அதை இறக்குமதி செய்ய உங்களிடம் உரிமம் இருக்கிறதா. பொட்டலத்தின் மேல் ‘காலணி சேம்பிள்’ என்று ஏன் எழுதியிருக்கிறது. விளக்கம் தரவும் என்று அதில் இருந்தது.

கடிதத்தைப் பிரித்தவள் நான். ‘காலணி சேம்பிள்’ என்று எழுதச் சொன்னவளும் நான்தான்.

சவுரியம்மாளை ஆம்பூரில் தோல் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பதினேழு வயதில் ஒரு ஷூ கம்பெனியில் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். நாலு வருடத்தில் சேம்பிள் ரூமுக்குப் போய்விட்டார். வெளிநாட்டு வியாபாரி ஒரு புது மாடல் கேட்டால், முதல் ஜோடியை அந்த அறையில்தான் செய்வார்கள். வியாபாரியை இங்கே எல்லாரும் பையர் என்பார்கள். பையர் அந்த முதல் ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வளைத்து, மோந்து, சரி என்று சொன்னால்தான் வெளியே லைனில் இருக்கும் முந்நூறு பேருக்கு வேலை. அப்படி இருபத்து நாலு வருடம் முதல் ஜோடிகளாகவே செய்துகொண்டிருந்தவர் அவர்.

கம்பெனி சேம்பிள் ரூமைச் சென்னைப் பக்கம் மாற்றியபோது, அவரை லைனில் போய் உட்காரச் சொன்னார்கள். “முதல் ஜோடி செஞ்ச கைக்கு மூவாயிரமாவது ஜோடி செய்ய வராது சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கூட வேலை பார்த்த ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் மூன்று மெஷின் போட்டார். பெல்ட், நாய்க் கழுத்துப் பட்டை, சாவிப் பை. எல்லாமே வேறு கம்பெனிகள் வெட்டிக் கொடுத்துத் தைத்து வாங்கிக்கொள்ளும் வேலை. அந்த ஷெட்டிலிருந்து போன ஒரு பொருளிலும் அவர்கள் பெயர் இருந்ததில்லை.

என்னை அவர் வேலைக்கு எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நான் திமிரிக்காரி. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பி.ஏ. ஆங்கிலம் முடித்து, ஒரு வருடம் பரீட்சைகள் எழுதி, எதிலும் பெயர் வராமல், தெரிந்தவர் மூலம் இந்த ஷெட்டுக்கு வந்து நின்றேன். சவுரியம்மாள் கையில் கத்தியோடு நிமிர்ந்து பார்த்தார்.

“இங்கிலீஷ்ல லெட்டர் எழுதுவியா?”

“எழுதுவேன்க்கா.”

“பையர் வந்தா பேசுவியா?”

நான் சான்றிதழ் ஃபைலை அவர் முன்னால் நீட்டினேன்.

“எனக்குப் பேச வரும், எழுத வராது. உனக்கு எழுத வரும், பேச வராது. சேந்தா ஒரு ஆளு. நாளைக்கு வந்துடு.”

அவர் பேசும் ஆங்கிலத்தில் வினைச்சொல் என்று ஒன்றே இருக்காது. ‘திஸ் லெதர், ரெயின், ஃபினிஷ்’ என்பார். பையர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. நான் எழுதிய நாலு பாராவுக்குத்தான் ‘தயவுசெய்து தெளிவாகச் சொல்லுங்கள்’ என்று பதில் வரும்.

அந்தப் பழைய பையர்களில் ஒருவர்தான் செக் நாட்டுக்காரர். முன்பு பூட்ஸ் வாங்க ஆம்பூர் வருவார். ஒரு முறை அவருடைய பெல்ட் அறுந்துபோக, சவுரியம்மாள் டீ ஆறுவதற்குள் தைத்துக் கொடுத்தாராம். இப்போது அவர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். அங்கே ஏர்சாஃப்ட் என்று ஒரு விளையாட்டு. பார்க்க நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும். கேஸ் அழுத்தத்தில் சின்ன பிளாஸ்டிக் குண்டு வரும். பெரியவர்கள் காட்டுக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அதை வைத்து விளையாடுகிறார்கள். அந்தத் துப்பாக்கிக்கு இடுப்பில் மாட்டும் தோல் உறை வேண்டும். அவர் சவுரியம்மாளைத் தேடிப் பிடித்து மெயில் போட்டார். ஆகஸ்ட் கடைசிக்குள் சேம்பிள் கைக்கு வர வேண்டும், அதற்குப் பிறகு அவருடைய கேட்டலாக் அச்சுக்குப் போய்விடும். சேம்பிள் பிடித்துவிட்டால் உறையின் பின்பக்கம் எங்கள் ஷெட்டின் முத்திரையே இருக்கலாம்.

அந்தக் கடைசி வரியை சவுரியம்மாள் என்னை மூன்று முறை படிக்கச் சொன்னார். இது கிடைத்தால் சொந்த ஆர்டர். கிடைக்காவிட்டால் பழையபடி யாருக்கோ நாய்ப் பட்டை.

“துப்பாக்கியை அனுப்பச் சொல்லு” என்றார். “பொருளப் பாக்காம நான் சேம்பிள் செஞ்சதே இல்ல.”

அனுப்பச் சொன்னேன். ஷூ கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும், அது பூட்ஸாக இருந்தாலும் பொத்தானாக இருந்தாலும், மேலே ‘காலணி சேம்பிள், விற்பனைக்கு அல்ல’ என்றுதான் ஒட்டி வரும். சவுரியம்மாள் பழைய லேபிள் ஒன்றை வைத்திருந்தார். அதை அப்படியே அடித்து, இதை ஒட்டி அனுப்புங்கள் என்று பையருக்கு மெயில் போட்டேன். அவருக்கும் ஆம்பூர் வழக்கம் தெரியும். சந்தேகமே படாமல் ஒட்டினார். ஒரு துப்பாக்கிக்குக் காலணி என்று பெயர் வைக்கிறோம் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த எனக்காவது தோன்றியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கடிதம் வந்த அன்று ஷெட்டில் மெஷின் ஓடவில்லை. சவுரியம்மாளின் கணவர் இன்பராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். செய்தி கேட்டுச் சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு வந்துவிட்டார்.

“வேலூர் ஜெயில்னா கிட்டதான். சோறு நானே கொண்டாந்து குடுப்பேன்.”

“சமைக்கறது யாரு? உள்ள இருக்கறவளா?” என்றார் சவுரியம்மாள். சிரித்தார்தான், ஆனால் கையிலிருந்த தோலை அன்றைக்கு இரண்டு தடவை தப்பாக வெட்டினார்.

நான் சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆயுதச் சட்டம், அதன் கீழ் வந்த விதிகள், இறக்குமதிப் பட்டியல். மூன்று நாள். காற்றுத் துப்பாக்கிக்குச் சக்தி இவ்வளவுக்குள், குழாயின் விட்டம் நாலரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம் என்று ஓரிடத்தில் புரிந்தது. நிம்மதியாக எழுந்தேன். பிறகு பார்த்தால் எங்கள் துப்பாக்கியின் சக்தி கொஞ்சம்தான், ஆனால் குழாய் ஆறு மில்லிமீட்டர். திரும்ப உட்கார்ந்தேன். இன்னொரு பக்கத்தில், சுடாத வெறும் போலித் துப்பாக்கிக்கும் விதி இருப்பது தெரிந்தது. படிக்கப் படிக்க எனக்கு ஆங்கிலம் மறந்துகொண்டே போவது போலிருந்தது.

கடைசியில் சென்னையில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்ட் ஆல்வினைப் போனில் பிடித்தோம். சவுரியம்மாள் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“மேடம், நீங்க ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கலக்கறீங்க” என்றார் ஆல்வின். “ஊருக்குள்ள வாங்கி வெச்சிக்கலாமாங்கறது ஒரு கேள்வி. வெளிநாட்டுலருந்து கொண்டு வரலாமாங்கறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல பதில் வந்தாலும் ரெண்டாவதுக்கு வரணும்னு இல்ல. இந்த மாதிரி ஐட்டம் இறக்குமதியில கட்டுப்பாட்டுல இருக்கு. முன்கூட்டியே தனி அனுமதி வாங்கிட்டுத்தான் வரவழைக்கணும். பொம்மைன்னு சொல்லி வரவெச்ச எத்தனையோ பேரு இப்படி மாட்டியிருக்காங்க.”

“இப்ப அனுமதி வாங்கினா எத்தன நாளு ஆவும் தம்பி?”

“ஆகஸ்ட்டை மறந்துடுங்க மேடம்.”

சவுரியம்மாள் போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். ஜூலை இருபது.

இன்பராஜ்தான் அடுத்த வழியைக் கொண்டுவந்தார். ஏலகிரி மலை மேல் ஒரு ரிசார்ட்டில் பெயிண்ட்பால் என்று துப்பாக்கியால் சாயம் அடித்து விளையாடுகிறார்கள், ஆட்டோவில் வந்த காலேஜ் பசங்க சொன்னார்கள் என்றார். “அங்க எப்படியோ துப்பாக்கி வந்திருக்குதில்ல? ஒண்ணு ரெண்டு நாளைக்கு கேட்டு வாங்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். சவுரியம்மாள், நான், ஷெட்டின் ஐந்து பேர். அதில் குர்ஷித்தை மட்டும் சொல்கிறேன். மெஷினில் அவரைப் போல வளைவு தைக்க ஆள் கிடையாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். சவுரியம்மாளும் அவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பேச ஆரம்பித்தால் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று புதிதாகக் கேட்பவர்களுக்குப் புரியாது.

ரிசார்ட்டில் அந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்ட சுஹேல் அகமது நல்ல பிள்ளை. ஏழு பெண்கள் இஞ்ச் டேப்போடு வந்து நின்று துப்பாக்கி கேட்டதும் முதலில் மிரண்டுபோனார்.

“இரவல் குடுக்க முடியாதுங்க. ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்கு, ரிஜிஸ்டர்ல இருக்கு. ஆட்டம் முடிஞ்சா எண்ணி உள்ள வெச்சிப் பூட்டணும். விளையாட வர்றவங்ககிட்டயே அடையாள அட்டை வாங்கித்தான் குடுக்கறோம்.”

“நீங்க எப்படிப்பா வெளிநாட்டுலருந்து கொண்டாந்தீங்க?”

“நாங்க கொண்டு வரலையே. இங்கயே டீலர்கிட்ட பில்லோட வாங்கினோம். கொண்டு வர்ற தலைவலி அவங்களோடது.”

ஆல்வின் சொன்ன இரண்டு கேள்வியும் எனக்கு அங்கேதான் முழுதாகப் புரிந்தது.

சுஹேல் ஒன்றை எடுத்துவந்து காட்டினார். சவுரியம்மாளின் முகம் விழுந்துவிட்டது. மேலே சாய உருண்டைகளுக்கு ஒரு குடுவை, பின்னால் காற்றுப் புட்டி.

“இன்னாப்பா இது, குழாய் மேல சொம்பக் கவுத்து வெச்ச மாதிரி இருக்குது. இத இடுப்புல மாட்டினா இடுப்பு இருக்குமா?”

எங்களுக்கு வேண்டியது இது இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே விட்டிருந்தார்கள். வாங்கிய டிக்கெட்டை வீணாக்க குர்ஷித் தயாராக இல்லை. பர்தாவுக்கு மேலேயே முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைக் கையில் எடுத்தார். சவுரியம்மாள் தொட மாட்டேன் என்று ஒரு டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அரை மணி நேரத்தில் அவருடைய முதுகில் மஞ்சள் நிறத்தில் மூன்று வட்டம் விழுந்தது. எல்லாம் குர்ஷித்தின் வேலை.

“முப்பது வருஷமா வளைவு சரியில்லன்னு சொன்னியே, இப்ப பாரு, நேரா வந்துச்சா?” என்று தூரத்திலிருந்து கத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் சவுரியம்மாள் மலை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் முன் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் ஆரம்பித்தேன், பையருக்கு முடியாது என்று எழுதிவிடலாமா என்று.

“பொருளப் பாக்காம எப்படிம்மா செய்யறது” என்றார் சவுரியம்மாள். “கையில குடுத்தான்னா நான் செஞ்சிடுவேன்.”

பின் சீட்டிலிருந்து குர்ஷித் தலையை நீட்டினார். “அரே, இத்தன வருஷமா வெள்ளைக்காரனுக்கு ஷூ தெச்சி அனுப்பறோமே. ஒருத்தனாவது கால வெட்டிப் பார்சல்ல அனுப்பிச்சானா?”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் வரை சிரித்தார். சவுரியம்மாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, குர்ஷித்தையே பார்த்தார்.

“கட்டை” என்றார்.

ஷூ செய்ய யாருக்கும் கால் தேவைப்படுவதில்லை. கால் வடிவத்தில் ஒரு கட்டை போதும். தோலை அதன் மேல் இழுத்து ஒட்டி, காய்ந்ததும் கட்டையை உருவினால் ஷூ நிற்கும். எண்களைக் கொடுத்தால் இங்கேயே கடைந்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள். இருபத்து நாலு வருடம் கட்டையோடு வாழ்ந்தவருக்கு அது தோன்றாமல் போனதற்குக் காரணம், துப்பாக்கியை அவர் துப்பாக்கியாகவே பார்த்துப் பயந்ததுதான் என்று நினைக்கிறேன். நானோ மூன்று நாளாக அதைச் சட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குர்ஷித்துக்கு அது உள்ளே ஏதோ போக வேண்டிய இன்னொரு தோல் பொருள், அவ்வளவுதான்.

அன்றே மெயில் போட்டேன். பையர் உடனே உற்சாகமாகி, அச்சு அசல் துப்பாக்கி போலவே நீல பிளாஸ்டிக்கில் ஒரு போலி கிடைக்கும், அதை அனுப்பட்டுமா என்று கேட்டார். போனோடு சவுரியம்மாளிடம் ஓடினேன்.

“அக்கா, போலிக்கும் விதி இருக்குக்கா. நாமளே மரத்துல செஞ்சாலும் துப்பாக்கி மாதிரி இருந்தா யாராவது கேப்பாங்க.”

சவுரியம்மாள் ஒரு அட்டையில் துப்பாக்கியை வரைந்தார். பிறகு கத்தரிக்கோலால் கைப்பிடியை வெட்டிப் போட்டார்.

“ஷூக் கட்டைக்கு முழங்கால் இருக்குதா? உறைக்குள்ள போறது மட்டும் நமக்குப் போதும். கைப்பிடி வெளிய இருக்கறது. அது நமக்கு எதுக்கு? உள்ள போற இடம் எங்கெங்க எவ்ளோ அகலம், எவ்ளோ உயரம், எழுதி அனுப்பச் சொல்லு.”

இருபத்திரண்டு அளவுகள் வந்தன. அதை எடுத்துக்கொண்டு கட்டை கடையும் ரஷீத் அஹமதுவின் பட்டறைக்குப் போனோம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சவுரி, இது எந்த ஊரு காலு? விரலக் காணோம், குதிகாலக் காணோம். இந்த ஆளு எப்படி நடப்பான்?”

“நடக்க மாட்டான் பாய். இடுப்புல தொங்குவான்.”

மூன்று நாளில் கடைந்து கொடுத்தார். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, கீழே வளையம் போல ஒரு புடைப்போடு இருந்த அந்தத் தேக்குத் துண்டை உலகத்தில் யாரும் துப்பாக்கி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இன்பராஜ் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தோலை நனைத்துக் கட்டை மேல் போட்டு, எலும்புத் துண்டால் தேய்த்துத் தேய்த்துப் படிய வைத்தார் சவுரியம்மாள். நாலாவது உறை ஆகஸ்ட் பதினேழாம் தேதி முடிந்தது. நான் பார்சல் போட அட்டைப் பெட்டியோடு நின்றேன். அவர் உறையைக் கையை விட்டு விடவில்லை.

“கட்டை உள்ள போவுது, வருது. துப்பாக்கி போவுமா? போட்டுப் பாக்காம ஒரு சேம்பிளும் என் கையவிட்டு வெளிய போனதில்ல பாரதி. அது போய் அங்க நுழையலைன்னா, அதோட முடிஞ்சது.”

“போட்டுப் பாக்கற துப்பாக்கி ஒண்ணே ஒண்ணுதான்க்கா. அது சென்னை கஸ்டம்ஸ்ல இருக்கு.”

சொல்லிவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு நாள் கழித்துத்தான் அங்கே நேரில் விளக்கம் கொடுக்க வேண்டிய தேதி.

விளக்கம் எப்படி எழுதுவது என்பதில் அதற்கு முன்பே ஒரு சண்டை நடந்திருந்தது. ஆல்வின், நாங்கள் கேட்கவே இல்லை, பையர் தானாக அனுப்பிவிட்டார் என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் பெரும்பாலும் சுலபமாக முடிந்துவிடும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. லேபிள் என் தப்பு. அது எந்தத் தாளிலும் வராமல் போவது எனக்கு வசதி.

சவுரியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “கேட்டது நாம. இப்படி ஒட்டுன்னு சொன்னதும் நாம. அவன் மேல போட்டுட்டு, அவனுக்கே உறை தெச்சி அனுப்பவா? நடந்தத எழுது.”

“என் பேரு வருமேக்கா.”

“உன் பேர எங்க எழுதச் சொன்னேன்? ‘எங்கள் யூனிட்’னு எழுது. திட்டு வாங்க நான் வர்றேன்.”

எழுதினேன். அந்தக் கடிதத்தில்தான் முதல் முறையாக நாலு வரியில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னேன் என்று தோன்றுகிறது.

பத்தொன்பதாம் தேதி காலை ரயிலில் போனோம். அரக்கோணம் தாண்டும்வரை சவுரியம்மாள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பைக்குள் உறை, தேக்குக் கட்டை, அளவுத் தாள்.

விசாரித்த அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. எங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“துப்பாக்கி உறை செய்யறதுக்காக வரவழைச்சோம்னு எழுதியிருக்கீங்க. இப்படித்தான் எல்லாரும் ஒரு காரணம் சொல்வாங்க. இதை நான் எப்படி நம்பறது?”

சவுரியம்மாள் உறையை எடுத்து மேசை மேல் வைத்தார். அதிகாரி கையில் எடுத்தார். தையலைப் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா துப்பாக்கி எங்ககிட்ட இருக்கே. அதை ஒரு நாளும் பாக்காம எப்படி உறை தெச்சீங்க?”

“கால பாக்காமதானே மேடம் ஷூ தெக்கறோம்” என்று கட்டையை எடுத்து வைத்தார் சவுரியம்மாள். “நான் சொல்றது நெசமா பொய்யான்னு அந்தத் துப்பாக்கிக்குத் தெரியும் மேடம். அத எடுத்தாரச் சொல்லுங்க. நான் தொடக்கூட மாட்டேன். நீங்களே போட்டுப் பாருங்க.”

அதிகாரி கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எப்படியும் ஒரு முறை எங்கள் முன்னால் பொருளைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது போல. ஒருவரை அனுப்பினார். பொட்டலம் வந்தது. மேலே நான் அடித்துக் கொடுத்த லேபிள் அப்படியே இருந்தது. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

கறுப்புத் துப்பாக்கி. முனையில் ஆரஞ்சு நிறம். சவுரியம்மாள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கொண்டுவந்தவர் அது காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உறைக்குள் மெதுவாக இறக்கினார். முக்கால்வாசி சுலபமாகப் போனது. பிறகு நின்றது. ஒரு அழுத்து அழுத்தினார். ‘டக்’ என்று உள்ளே போய் உட்கார்ந்தது. கைப்பிடி மட்டும் வெளியே, இருக்க வேண்டிய இடத்தில்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அதிகாரி புன்னகைத்தார்.

“சரி, எடுத்துடுங்க.”

வரவில்லை. அவர் இழுத்தார். இன்னொருவர் உறையைப் பிடித்துக்கொள்ள, மறுபடி இழுத்தார். அரசாங்கம் பிடித்து வைத்திருந்த பொருள் எங்கள் உறைக்குள் மாட்டிக்கொண்டது.

“இது இன்னும் பேஜாராப் போச்சே” என்று சவுரியம்மாள் முணுமுணுத்தது அறை முழுக்கக் கேட்டது. பிறகு பயம் எங்கே போனதோ, எழுந்து நின்று அதிகாரமாகச் சொல்ல ஆரம்பித்தார். “மேல இழுக்காதீங்க சார். உறையோட வாய உள்ளங்கையில புடிங்க. கட்டை விரலால அந்தப் பக்கம் அமுக்குங்க. ஆங், இப்ப லேசா முன்னால சாச்சி...”

வந்துவிட்டது. எல்லாரும் மூச்சு விட்டோம்.

“இன்னொரு தடவ போடறீங்களா சார்?” என்றார் சவுரியம்மாள். “எங்க புடிக்குதுன்னு பாத்துக்கறேன்.”

“அம்மா, இது உங்க சேம்பிள் ரூம் இல்ல” என்றார் அதிகாரி. ஆனால் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை அனுமதியாக எடுத்துக்கொண்டு, துப்பாக்கியைக் கொண்டுவந்தவர் இன்னொரு தடவை போட்டார். விசைக்கு வெளியே இருக்கும் வளையம் தோலில் எந்த இடத்தில் உரசுகிறது என்று சவுரியம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டார்.

முடிவு எழுத்தில் பிறகு வந்தது. தவறான விவரத்துக்கு ஒரு சிறிய அபராதம். துப்பாக்கியை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப அனுமதி. இனிமேல் இப்படிப்பட்ட பொருள் எதையும் முன் அனுமதி இல்லாமல் வரவழைக்கக் கூடாது என்று ஒரு எச்சரிக்கை. கிளம்பும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து, “பெட்டிக்குள்ள என்ன இருக்கோ அதை மேல எழுதணும், அவ்வளவுதாம்மா” என்றார். லேபிள் அடித்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

திரும்பும் ரயிலில் சவுரியம்மாள் உறையின் மேல் சில்வர் பேனாவால் ஒரு கோடு போட்டார். மறுநாள் காலையில், புதுக் கட்டை கடையாமல், அந்தப் புடைப்பின் மேல் மெல்லிய லைனிங் தோலை ஒரு வரி ஒட்டினார். ஷூவில் விரல் இடிக்கிறது என்று பையர் சொன்னால் செய்கிற வேலைதான். ஒட்டிய இடத்தில் கட்டை ஒரு மில்லிமீட்டர் பருத்தது. அந்தக் கட்டையின் மேல் ஐந்தாவது உறை. குர்ஷித் வளைவைத் தைத்தார். பெட்டியின் மேல் ‘தோல் உறை, துப்பாக்கி இல்லை’ என்று எழுதினேன். ‘துப்பாக்கி இல்லை’யை எல்லாம் எழுதாதே, அதைப் படித்தால்தான் பிரித்துப் பார்ப்பார்கள் என்று ஆல்வின் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். ‘தோல் உறை’ என்று மட்டும் அடித்து வேறு லேபிள் ஒட்டினேன்.

பார்சல் இருபத்தெட்டாம் தேதி போய்ச் சேர்ந்தது. ஒன்றாம் தேதி வரை ஒரு பதிலும் இல்லை. சவுரியம்மாள் என் செல்போனை மெஷின் மேசையிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். அது அதிரும்போதெல்லாம் ஐந்து மெஷின் நிற்கும். மூன்று மெஷின்தான் இருக்கிறது, அப்படித் தோன்றும். இரண்டாம் தேதி மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் மெயில் வந்தது. ஒரே வரி. துப்பாக்கி உள்ளே போகும் சத்தம் அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். முத்திரையின் படத்தை அனுப்பச் சொல்லியிருந்தார்.

முத்திரையில் என்ன பெயர் போடுவது என்று யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. குர்ஷித் ‘சவுரி அண்ட் கோ’ என்றார். சவுரியம்மாள் ஏழு பேரின் முதல் எழுத்தையும் போடலாம் என்றார். இன்பராஜ் தன் ஆட்டோவின் பெயரைச் சொன்னார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசியில் ‘சேம்பிள் ரூம், ஆம்பூர்’ என்று முடிவானது.

ஏழு பேர் என்றால் நானும் சேர்த்தி என்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் பையரிடமிருந்து இன்னொரு மெயில். நீளமான துப்பாக்கிக்குத் தோள்பட்டை வார், பிளாஸ்டிக் குண்டுகள் வைக்க ஒரு பை, இதெல்லாம் செய்வீர்களா, மாதிரிக்கு எதை அனுப்பட்டும் என்று கேட்டிருந்தார். சவுரியம்மாளுக்குப் படித்துச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“எல்லாம் செய்வோம்னு எழுது. அளவ மட்டும் அனுப்பச் சொல்லு. வேற எதையாவது அனுப்பினான்னா, நானே போய் அவன் கடை வாசல்ல உக்காருவேன்னும் எழுது.”